எம்டன் வந்த இரவை வைத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது எப்படி?

வினைச்சொற்களின் மூன்று வடிவங்களையும் கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளைகள், நேற்று நடந்ததை ஆங்கிலத்தில் நாலு வரி சொல் என்றால் விழிக்கிறார்கள். பயிற்சிப் புத்தகத்தில் ராமன் மாம்பழம் சாப்பிடுகிறான், சீதா பள்ளிக்குப் போகிறாள். அதற்கு மேல் அந்தப் பக்கத்தில் எதுவும் நடப்பதில்லை. போர் வரலாற்றிலோ ஏதாவது நடந்துகொண்டே இருக்கிறது. ஒருவர் ஒளிகிறார், இன்னொருவர் தேடுகிறார். எது முதலில் நடந்தது, அப்போது மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதில்தான் கதையே இருக்கிறது. ஆங்கிலத்தின் காலங்களும் அதைத்தானே கேட்கின்றன?

வீட்டு மாடியில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். ஒன்பதிலிருந்து பதின்மூன்று வயது வரை. இப்படி ஒரு பாடம் அமைக்கலாம் என்று கிளம்பியபோது கிடைத்ததெல்லாம் பீரங்கி விட்டத்தையும் கவசத் தகட்டின் கனத்தையும் பேசும் பெரியவர்களுக்கான எழுத்து, இல்லையென்றால் வீட்டில் ஆங்கிலமே பேசும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கான பாடத்தாள். தமிழ் பேசும் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறும் என்பது இரண்டிலும் இல்லை. ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்துப் பாடமாக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்த அலைச்சல் இல்லாமல் நீங்கள் அடுத்த வாரமே தொடங்கலாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. போரை எடுக்காதீர்கள், ஒரு நாளை எடுங்கள்

முதல் உலகப் போர் என்று ஆரம்பித்தால் காரணம் சொல்லவே ஒரு மாதம் ஓடிவிடும். பிள்ளை அதற்குள் ஒரு வாக்கியமும் பேசியிருக்காது. ஒரு கப்பல் போதும், அல்லது ஒரு கோட்டை.

நான் எடுப்பது எம்டன். "அவன் சரியான எம்டன்" என்று பெரியவர்கள் பேசிப் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள், அதனால் பெயர் புதிதல்ல. 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பது மணிக்கு மேல் அந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைக் கரையருகே வந்தது. அதன் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர். தேடுவிளக்கைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைப் பார்த்துச் சுட்டார்கள். சுமார் அரை மணி நேரம், ஏறக்குறைய 130 குண்டுகள். தொட்டிகள் பற்றி எரிந்தன, கப்பல் இருட்டில் மறைந்தது. அக்டோபர் 28 விடியற்காலையில் பினாங்குத் துறைமுகத்தில் ஷெம்சுக் என்ற ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. நவம்பர் 9 அன்று இந்தியப் பெருங்கடலில் உள்ள கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னியிடம் அடிபட்டு, பவளப்பாறையில் ஏற்றப்பட்டு அங்கேயே முடிந்தது. ஏழு வாரத்துக்குள் தொடக்கமும் முடிவும் வந்துவிடுகின்றன. பாடத்துக்கு இதைவிட வசதி வேறென்ன?

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் வேறொன்று இருந்தால் அதையே எடுங்கள். வேலூர்க்காரர்களுக்கு 1806 ஜூலை 10, கோட்டையில் நடந்த சிப்பாய்க் கிளர்ச்சி இருக்கிறது. திருவண்ணாமலைப் பக்கம் என்றால் 1760 ஜனவரி 22, ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய வந்தவாசிப் போர். இலங்கையில் இருப்பவர்களுக்கு 1942 ஏப்ரல் 5 கொழும்பிலும் ஏப்ரல் 9 திருகோணமலையிலும் நடந்த ஜப்பானிய விமானத் தாக்குதல். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: பிள்ளையின் வீட்டில் யாராவது நேரில் பட்ட போரை இந்தப் பாடத்துக்கு எடுக்கவே கூடாது. அதைப் பற்றிப் பேச வேண்டிய இடம் வேறு, பேச வேண்டிய ஆளும் வேறு.

2. கையில் இருக்க வேண்டியவை, ஆகும் செலவு

ஆளுக்கு ஒரு கோடு போட்ட நோட்டு, இந்தியப் பெருங்கடல் முழுதும் தெரியும் வரைபடத் தாள் இரண்டு, வகுப்புக்கு ஒரு பெரிய சார்ட், ஸ்கெட்ச் பேனா. பாடத்தாள்களுக்கு ஜெராக்ஸ் செலவு. எல்லாம் சேர்த்து ஒரு பிள்ளைக்கு நூறு முதல் நூற்றைம்பது ரூபாய்க்குள் முடித்துவிடலாம். வரைபடத்தில் சென்னை, பினாங்கு, கோகோஸ் மூன்றும் ஒரே தாளில் வர வேண்டும். கடையில் கிடைக்கும் இந்திய வரைபடத்தில் கோகோஸ் வராது. ஆசியா அல்லது இந்தியப் பெருங்கடல் என்று கேட்டு வாங்குங்கள்.

வாசிப்புக்குக் காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். எம்டனில் முதல் அதிகாரியாக இருந்த ஹெல்முத் ஃபான் முக்கே எழுதியவை 1917-லேயே ஆங்கிலத்தில் வெளிவந்து, இன்று இணைய ஆவணக் காப்பகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை நீங்கள் படியுங்கள். பிள்ளைகளிடம் அப்படியே கொடுக்காதீர்கள், வாக்கியங்கள் நீளம். பிள்ளைகளுக்கான பத்தியை நீங்களே எழுத வேண்டும்: எட்டு முதல் பத்து வாக்கியம், ஒவ்வொன்றும் பத்துச் சொல்லுக்குள். இந்த வேலைக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிவிடுங்கள். வகுப்பன்று காலையில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் நடக்காது.

3. நேரக் கணக்கு

வாரத்துக்கு இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். எட்டு வாரம். முதல் மூன்று வாரம் சென்னை, அடுத்த இரண்டு பினாங்கு, கடைசி மூன்று கோகோஸ். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய பதினைந்து நாளில் தொடங்காதீர்கள். பெற்றோர் பாதியில் நிறுத்திவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஜூன் கடைசியில் ஆரம்பித்தால் செப்டம்பருக்குள் நிம்மதியாக முடியும்.

4. முதல் நாள் கதை தமிழில்தான்

இதில் பலருக்குத் தயக்கம் இருக்கும். ஆங்கில வகுப்பில் தமிழா என்று பெற்றோரும் கேட்பார்கள். கதை புரியாத பிள்ளைக்குச் சொல்லும் புரியாது, இலக்கணமும் ஒட்டாது. முதல் வகுப்பு முழுவதும் தமிழில் கதையைச் சொல்லுங்கள். நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள். எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். பிரிட்டிஷ் கப்பல் மாதிரித் தெரிய வேண்டும் என்று பொய்யாக நாலாவது ஒன்றைப் பொருத்திக்கொண்டார்கள். இந்த இடத்தில் கதையை நிறுத்திப் பாருங்கள், கேள்விகள் தானாக வரும். எதால் செய்தார்கள்? யாரும் கண்டுபிடிக்கவில்லையா? அந்தக் கேள்விகளை சார்ட்டில் தமிழிலேயே எழுதி வையுங்கள். நாலாம் வாரத்தில் அதே கேள்விகளைப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் கேட்பார்கள்.

5. சொற்கள்: வாரத்துக்குப் பன்னிரண்டு, அதில் பாதி வினைச்சொல்

போர் வரலாறு என்றதும் ஆயுதப் பெயர்களாகப் பட்டியல் போடத் தோன்றும். 'டார்பிடோ', 'க்ரூஸர்', 'டெஸ்ட்ராயர்' எல்லாம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், இரண்டு மூன்று இருக்கட்டும். ஆனால் அவை வாழ்க்கையில் எத்தனை தடவை பயன்படும்? 'ஹைட்', 'சேஸ்', 'எஸ்கேப்', 'வார்ன்', 'ரெஸ்க்யூ', 'சரண்டர்', 'டிஸப்பியர்' போன்றவை நாளைக்கே பள்ளிக் கட்டுரையில் உதவும். இன்னொரு லாபமும் உண்டு. ஒழுங்கில்லாமல் மாறும் வினைகள் போர்க்கதையில் குவிந்து கிடக்கின்றன: 'ஹிட்', 'சிங்க்', 'ஃபைட்', 'ஷூட்', 'லூஸ்', 'லீவ்', 'ஃப்ளீ', 'ஸ்ட்ரைக்'. பட்டியலாக மனப்பாடம் செய்தால் மறப்பதெல்லாம், ஷெம்சுக் மூழ்கியதோடு சேர்ந்து வந்தால் நிற்கிறது.

பிள்ளை வேறு பொருளில் ஏற்கெனவே அறிந்த சொற்களை முதல் வாரமே எடுத்துப் பேசிவிடுங்கள். 'ஷெல்' என்றால் கிளிஞ்சல் என்றுதான் படம் போடுவார்கள். 'டேங்க்' என்றால் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, 'கேப்டன்' என்றால் கிரிக்கெட். ஒலியும் எழுத்தும் ஒத்துவராத சொற்களுக்குத் தனியாக ஒரு பக்கம் வேண்டும். 'கர்னல்' என்று ஒலிக்கும் சொல்லில் ஆர் எழுத்தே கிடையாது. படைப்பிரிவைக் குறிக்கும் 'கோர்' என்பதன் கடைசியில் பி, எஸ் இரண்டும் எழுத்தில் மட்டும் நிற்கும்.

6. இலக்கணம்: எந்தச் சம்பவத்துக்கு எது

கட்டளை வாக்கியத்தில் தொடங்குங்கள். நம் மொழியில் வினை கடைசியில் வரும்: கொடியை இறக்கு. ஆங்கிலக் கட்டளையில் அது முதலில் வந்து நிற்கும்: "லோயர் தி ஃப்ளாக்." ஒரு பிள்ளை கேப்டன், மற்றவர்கள் மாலுமிகள். "டர்ன் லெஃப்ட்", "ஸ்டாப் தி என்ஜின்", "ஓப்பன் ஃபயர்." அறையைச் சுற்றி ஓடுவார்கள், ஓடட்டும். அரை மணி நேரத்தில் சொல் வரிசை நாக்குக்குப் பழகிவிடும்.

அப்புறம் இறந்தகாலம். நம் பிள்ளைகளின் பெரிய சிக்கல் 'டிட் நாட் வென்ட்' என்று இரண்டு இடத்திலும் இறந்தகாலத்தைப் போடுவது. இதற்கு வதந்தி விளையாட்டு நல்ல மருந்து. சென்னை சுடப்பட்ட பிறகு ஆயிரக்கணக்கானோர் ஊரைக் காலி செய்து போனார்கள். ஊர் முழுக்கப் பேச்சு. ஒரு பிள்ளை வதந்தி சொல்ல வேண்டும்: "தி எம்டன் கேம் பேக்." அடுத்த பிள்ளை மறுக்க வேண்டும்: "நோ, இட் டிட் நாட் கம் பேக்." மூன்றாவது பிள்ளை நிருபர், அவர் கேட்க வேண்டும்: "டிட் இட் கம் பேக்?" மூன்று பேரும் மாறி மாறிச் சுற்றி வரட்டும். 'டிட்' வந்துவிட்டால் பின்னால் 'கம்'தான் என்பதை நீங்கள் விதியாகச் சொல்வதற்கு முன்பே பிள்ளைகள் ஒருவரை ஒருவர் திருத்த ஆரம்பித்துவிடுவார்கள். திருத்தும்போது குறுக்கே போகாதீர்கள்.

நடந்துகொண்டிருந்த செயலுக்கு அந்த இரவே பாடம். "பீப்பிள் வேர் ஹேவிங் டின்னர் வென் தி ஷிப் ஓப்பன்ட் ஃபயர்." உங்கள் தெருவில் அந்த நேரத்தில் யார் யார் என்ன செய்துகொண்டிருந்திருப்பார்கள் என்று ஆளுக்கு ஒரு வாக்கியம் கேளுங்கள். பால்காரர், கைக்குழந்தை, மாடு எல்லாம் வரும்.

வேற்றுமைக்கு நாம் பெயருக்குப் பின்னால் உருபு சேர்ப்பவர்கள். ஆங்கிலத்தில் அது முன்னால் வரும். வரைபடத்தில் கப்பலின் பாதையைப் பென்சிலால் இழுத்துக்கொண்டே 'அக்ராஸ்', 'டுவர்ட்ஸ்', 'அலாங்', 'பாஸ்ட்', 'இன்டு' என்று சொல்ல வையுங்கள்.

ஒப்பீட்டுக்குச் சிட்னியும் எம்டனும். எம்டனிடம் 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்து. சிட்னியிடம் எட்டுதான், ஆனால் ஒவ்வொன்றும் ஆறு அங்குலம், அதாவது 15 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. எம்டன் 1908-லும் சிட்னி 1912-லும் கடலில் இறக்கப்பட்டவை. வேகத்திலும் சிட்னிதான் மேல். "தி எம்டன் ஹேட் மோர் கன்ஸ், பட் தி சிட்னி ஹேட் பிக்கர் கன்ஸ்." 'மோர் பிக்கர்' என்று சொல்லும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு வாக்கியத்தைப் பத்து விதமாக மாற்றிக் கொடுங்கள், போதும்.

பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் பினாங்கு. எம்டன் தாக்கிய நேரத்தில் ஷெம்சுக்கின் கேப்டன் கப்பலில் இல்லை, கரைக்குப் போயிருந்தார். 'ஷுட் ஹேவ்' பாடத்துக்கு வேறு உதாரணமே வேண்டாம். "ஹி ஷுட் ஹேவ் ஸ்டேய்ட் ஆன் தி ஷிப்." ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதைத் திணிக்காதீர்கள், அவர்கள் அந்த நேரத்தில் படம் வரையட்டும்.

7. தந்திப் பயிற்சி: இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்

'எ' எங்கே, 'தி' எங்கே என்பது தமிழ்ப் பிள்ளைகளைக் கடைசி வரை படுத்தும். நம் மொழியில் அப்படி ஒன்று தேவையே இல்லை, அதனால் விட்டுவிடுகிறார்கள். தந்தி எழுதியவர்களும் அவற்றை விட்டார்கள். இந்தப் பொருத்தத்தைப் பாடமாக்கலாம்.

கோகோஸ் தீவின் கம்பியில்லாத் தந்தி நிலையத்தில் இருந்தவர்கள் எம்டனைக் கண்டதும் அனுப்பிய செய்தி: "ஸ்ட்ரேஞ்ச் ஷிப் இன் என்ட்ரன்ஸ்." சண்டை முடிந்ததும் சிட்னியின் கேப்டன் கிளாசப் அனுப்பியது: "எம்டன் பீச்ட் அண்ட் டன் ஃபார்." இரண்டையும் பலகையில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். சொற்களுக்கு நடுவே நிறைய இடம் விடுங்கள். விடுபட்டதை நிரப்பி முழு வாக்கியமாக்கச் சொல்லுங்கள்.

முதலாவது இப்படி ஆகும்: "தேர் இஸ் எ ஸ்ட்ரேஞ்ச் ஷிப் இன் தி என்ட்ரன்ஸ்." கப்பலுக்கு ஏன் 'எ', நுழைவாயிலுக்கு ஏன் 'தி'? எந்தக் கப்பல் என்று தெரியாது. நுழைவாயில் எது என்று இருவருக்கும் தெரியும். அடுத்த வாக்கியத்தை அவர்களே சொல்லட்டும். அந்தக் கப்பல் நம் தீவை நோக்கி வருகிறது என்றால் இப்போது 'தி ஷிப்'. "முதல் தடவை எ, ரெண்டாவது தடவை தி, அவ்வளவுதானா மிஸ்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். பாதி சரி என்றேன். நுழைவாயிலுக்கு முதல் தடவையே ஏன் 'தி' வந்தது என்று திருப்பிக் கேட்டதும், பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அது எதுன்னு அவங்களுக்கு முன்னாடியே தெரியும்" என்றாள். அதற்கு மேல் நான் விளக்க ஒன்றும் இருக்கவில்லை.

இரண்டாவது தந்தி செயப்பாட்டு வினைக்கு: "தி எம்டன் ஹேஸ் பீன் பீச்ட். இட் இஸ் டன் ஃபார்." யார் பாறையில் ஏற்றினார்கள் என்று தந்தி சொல்லவில்லை, சொல்லாமலே வாக்கியம் நிற்கிறது. முல்லரே வேண்டுமென்றுதான் ஏற்றினார் என்று சொல்லிவிட்டு, அதைச் செய்வினையாக மாற்றச் சொல்லுங்கள்.

அடுத்து திருப்பிப் போடுங்கள். நீங்கள் எழுதிய பத்தியைப் பத்துச் சொல்லுக்குள் தந்தியாக்க வேண்டும், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு அணா. எந்தச் சொல்லை எடுத்தால் பொருள் கெடாது, எதை எடுத்தால் கெடும் என்று பிள்ளைகள் சண்டை போடுவார்கள். இதற்கு இரண்டு வகுப்பு முழுசாக ஒதுக்குங்கள்.

8. நேரில் அழைத்துப் போவது: ஆவணங்கள், கட்டணம், நேரம்

அடுத்தவர் பிள்ளைகளை அழைத்துப் போகிறீர்கள் என்றால் பெற்றோரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸாப்பில் ஒரு கட்டைவிரல் போதாது. பெற்றோர் இருவரின் கைபேசி எண், பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாத உணவு, மருந்து, கிளம்பும் நேரம், திரும்பும் நேரம், கையெழுத்து. பிள்ளைகளின் பள்ளி அடையாள அட்டை நகலும், உங்கள் அசல் அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும். ஆறு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் இருப்பவர்கள் ஒரு சனிக்கிழமைக் காலை போதும் என்று திட்டமிடலாம். உயர் நீதிமன்ற வளாகத்தின் கிழக்குச் சுற்றுச்சுவரில், எம்டன் சுட்டதை நினைவூட்டும் கல் பதித்திருக்கிறார்கள். மெட்ரோவில் வந்து நடந்துவிடலாம். கல்லில் உள்ள ஆங்கில வாசகத்தை நோட்டில் படியெடுத்து, வினைச்சொற்களுக்கு மட்டும் அடிக்கோடு போடச் சொல்லுங்கள். கட்டணம் கிடையாது. சாலையில் போக்குவரத்து அதிகம், ஏழரை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

அங்கிருந்து புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம் பக்கம்தான். வெள்ளிக்கிழமை விடுமுறை. தலைமைச் செயலகமும் அதே கோட்டைக்குள் இருப்பதால் வாசலில் சோதனை இருக்கும், அடையாள அட்டை இல்லாமல் போகாதீர்கள். தொல்லியல் துறையின் இடம் என்பதால் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணமில்லை. பெரியவர்களுக்குச் சிறு தொகை. கூட்டமாகப் போவதென்றால் பத்து நாள் முன்னதாக அனுமதி கேட்டுக் கடிதம் அனுப்புங்கள். அந்தக் கடிதத்தைப் பிள்ளைகளே ஆங்கிலத்தில் எழுதட்டும். முகவரி, தேதி, பொருள், வேண்டுகோள் என்று பள்ளியில் கேட்கும் அலுவல் கடிதம் அத்தனையும் அதில் அடங்கிவிடும். உண்மையில் ஒருவர் படிக்கப்போகும் கடிதம் என்றதும் பிழையைத் தேடித் தேடித் திருத்துகிறார்கள்.

நந்தம்பாக்கத்தில் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்தை இன்னொரு நாளுக்கு வையுங்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்த எண்ணூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கான நினைவுச் சின்னமும் உள்ளே உண்டு. அனுமதி இலவசம். ஒவ்வொரு கல்லிலும் படைப்பிரிவின் சின்னம், பதவி, பெயர், இறந்த தேதி. பலவற்றில் வயதும் இருக்கிறது. ஒரு பிள்ளை ஒரு கல்லின் முன் நின்று, சுருக்கமாக எழுதியிருப்பதை முழு வாக்கியங்களாக்க வேண்டும். "ஹி வாஸ் ட்வென்டி-டூ வென் ஹி டைட்." பேச்சு, தின்பண்டம், செல்ஃபி எதுவும் வேண்டாம் என்று வாசலிலேயே சொல்லி அழைத்துப் போங்கள்.

9. மாட்டிக்கொள்ளக்கூடிய இடங்கள்

வெற்றியைக் கொண்டாடும் பாடமாக இது மாறிவிடக் கூடாது. கோகோஸ் சண்டையில் சிட்னியில் 4 பேரும் எம்டனில் 130 பேருக்கு மேலும் இறந்தார்கள். இந்த எண்களை மறைக்காமல், காயங்களை வர்ணிக்காமல் சொல்லுங்கள். எம்டன் பல சரக்குக் கப்பல்களைப் பிடித்தபோது அவற்றின் மாலுமிகளை முதலில் இறக்கி, வேறொரு கப்பலில் ஏற்றிப் பத்திரமாக அனுப்பியிருக்கிறது. எதிரி என்றால் அரக்கன் என்று பிள்ளை எழுதினால், இந்தச் சம்பவத்தைச் சொல்லிவிட்டு அந்த வாக்கியத்தை அவர்களையே மாற்ற விடுங்கள்.

யூடியூப் காணொளிகளைக் கடைசி வாரம் வரை தள்ளிப்போடுங்கள். படம் ஓடினால் பிள்ளைகள் பேச மாட்டார்கள். பழைய ஆங்கில எழுத்தில் கப்பலை 'ஷி' என்று எழுதியிருப்பார்கள். பிள்ளைகள் 'இட்' என்றே எழுதட்டும், தேர்வில் அதுதான் பாதுகாப்பு. இன்னொன்று, பீரங்கி விவரங்களில் மயங்கும் ஒரு பையன் எந்த வகுப்பிலும் இருப்பான். அவனை அடக்காமல், தெரிந்ததை எல்லாம் ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியமாகச் சொல்லச் சொல்லுங்கள். வகுப்பை அவன் இழுத்துக்கொண்டு போகவும் மாட்டான், முகம் வாடவும் மாட்டான்.

10. தேறியிருக்கிறார்களா என்று பார்ப்பது

கோடிட்ட இடம் நிரப்பும் தேர்வு வைக்காதீர்கள். முதல் வாரத்திலேயே ஒவ்வொரு பிள்ளையும் சென்னை இரவைப் பற்றி ஆங்கிலத்தில் தெரிந்தவரை சொல்வதைக் கைபேசியில் பதிவு செய்து வையுங்கள், இரண்டு நிமிடம் போதும். எட்டாம் வாரத்தில் அதே கதை, அதே இரண்டு நிமிடம். இரண்டையும் பெற்றோருக்குப் போட்டுக் காட்டுங்கள். மதிப்பெண் தாளை விட அது அவர்களுக்குப் புரியும். நீங்கள் கவனிக்க வேண்டியது மூன்றுதான்: கதையின் காலம் நடுவில் மாறாமல் போகிறதா, 'டிட்' வந்த இடத்தில் அடுத்த வினை சரியாக நிற்கிறதா, 'எ'யும் 'தி'யும் பாதிக்கு மேல் விழுகிறதா. மூன்றில் இரண்டு வந்திருந்தால் அடுத்த கதைக்குப் போகலாம்.

அடுத்த கதையும் தயாராகவே இருக்கிறது. கோகோஸில் தந்தி நிலையத்தை உடைக்கக் கரையிறங்கிய முக்கேயும் சுமார் ஐம்பது பேரும், தங்கள் கப்பல் போய்விட்டதைப் பார்த்தபின், ஆயிஷா என்ற பழைய பாய்மரக் கப்பலை எடுத்துக்கொண்டு சுமத்ராவின் படாங் வரை போனார்கள். அங்கிருந்து அரேபியா வழியாக 1915-ல் கான்ஸ்டான்டினோபிளை அடைந்தார்கள். எதிர்காலம், 'இஃப்' வாக்கியங்கள், அடுத்தவர் சொன்னதைத் திருப்பிச் சொல்வது எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருக்கிறது. வரைபடத் தாள் மட்டும் இன்னும் பெரியதாக வாங்க வேண்டியிருக்கும்.